எனக்குப் பிடிக்காத சோலார் சம்பத்

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, சிற்பக் கூடத்தில் கல் இறக்கிக்கொண்டிருந்தபோது செய்தி வந்தது. செங்கல்பட்டு சம்பத் இறந்துவிட்டார். மாரடைப்பு. ஐம்பத்தெட்டு வயது. நம் சங்கத்து வாட்ஸ்அப்பில் வரிசையாகக் கைகூப்பும் படங்கள் விழ ஆரம்பித்தன. நான் கை கூப்பவில்லை. "அந்த ஆளா?" என்று வாய்விட்டே கேட்டேன். பிறகு கல் இறக்குகிற வேலையைப் பார்க்கப் போய்விட்டேன்.

சாயங்காலம் தலைவர் போன் செய்தார். "மேடம், நினைவுக் கூட்டத்துல படிக்க ரெண்டு பக்கம் எழுதிக் குடுங்க. அவரோட அதிகமாப் பழகினது நீங்கதான்." பழகினேனா? அதற்குப் பெயர் பழக்கமா? அந்த மனிதரோடு நான் போட்ட சண்டையெல்லாம் இந்தச் சந்தில் இருக்கிற அத்தனை பேருக்கும் மனப்பாடம். அழைப்பிதழில் வேறு 'சங்கத்தின் நெருங்கிய நண்பர்' என்று அச்சடித்திருக்கிறீர்கள். அதைப் பார்த்ததும் எனக்கு வந்த ஆத்திரத்தில்தான் இதை எழுத உட்கார்ந்தேன். கேட்டது நீங்கள். முழுசாகக் கேட்டுவிட்டுத்தான் எழுந்திருக்க வேண்டும்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். நான் மரகதம். என் கணவர் போனபிறகு மாமல்லபுரத்தில் எங்கள் சிற்பக் கூடத்தை நடத்திவருகிறேன். எட்டு வருஷமாக இந்தச் சிற்பிகள் சங்கத்தின் செயலாளர். சம்பத் சோலார் விளக்கு மாட்டுகிறவர். வேடந்தாங்கல் பக்கம் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்து, செங்கல்பட்டில் சின்னதாகக் கடை வைத்திருந்தார். பைக்கின் பக்கவாட்டில் அலுமினிய ஏணியைக் கட்டிக்கொண்டு வருவார். வந்து இறங்கினால் ஹெல்மெட்டைக் கழற்ற மாட்டார். அதற்குள்ளிருந்தே பேசுவார். முகம் பாதி தெரியாத ஒரு ஆள் நம்மைத் திட்டிக்கொண்டு நின்றால் உங்களுக்கு எப்படி இருக்கும்? எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வரும்.

நான் செயலாளர் ஆன வருஷம்தான் நம் சந்துக்குச் சோலார் விளக்கு போட முடிவு செய்தோம். ஹோட்டல்களில் சமையலுக்கும் பாத்திரத்துக்கும் வருகிற பெண்கள் பொழுது சாய்ந்தபிறகு அந்த வழியாகத்தான் பஸ்ஸுக்கு நடந்துபோகிறார்கள். நாம் வெளியே போட்டுவைத்திருந்த துண்டுக்கல்லில் இடறி ஒரு பெண்ணுக்குக் கணுக்கால் உடைந்தது. அதற்குப் பிறகுதான் நமக்குப் புத்தி வந்தது. பதினான்கு விளக்கு. விலை கேட்க நாலு கடைக்காரர்களைக் கூப்பிட்டோம். எத்தனை வருஷம் வரும் என்று கேட்டேன். முதல் மூன்று பேரும் பத்து வருஷம் கண்ணை மூடிக்கொண்டு ஓடும் என்றார்கள். நாலாவதாக வந்தவர் சம்பத்.

"எந்தப் பாகத்தக் கேக்குற மேடம்?" என்றார். எடுத்த எடுப்பிலேயே ஒருமை.

"விளக்கைத்தான் கேக்குறேன்."

"வெளக்குன்னு ஒன்னு இன்னா கீது? அஞ்சு சாமான் ஒன்னா நின்னுகினு கீது. பேனலு இருவது வருசம் வரும். பல்பு பத்து வருசம். லித்தியம் பேட்டரி அஞ்சு, நீ ஒழுங்கா வெச்சிகினா ஆறு ஏழு. பொட்டில தண்ணி பூராம ரப்பரு கீது பாரு, அது மூணு. திருகாணி இந்த உப்புக் காத்துல ஒரே வருசம். எது மொதல்ல சாவுதோ அதான் உன் வெளக்கோட வயசு."

நல்ல வார்த்தையே வராதா உங்கள் வாயில் என்று கேட்டேன். "நல்ல வார்த்தைக்கு ஜோசியக்காரன்கிட்ட போ" என்றார். மற்ற மூன்று பேரும் சொன்ன பொய்யைவிட இது தேவலை என்று கமிட்டி அவரிடமே வேலையைக் கொடுத்தது. என் ஓட்டு அவருக்கு எதிராகத்தான் விழுந்தது. அதையும் பதிவு செய்துகொள்ளுங்கள்.

மூன்றாவது மாதமே எங்களுக்குள் முட்டிக்கொண்டது. என் ஷோரூம் வாசலில் இருந்த விளக்கு மட்டும் எரியவில்லை. மற்ற பதிமூன்றும் எரிகின்றன. செயலாளர் வாசல் மட்டும் இருட்டு! போனில் பிடித்துக் கிழித்தேன். உடைந்த சாமானைப் பொம்பளை வாசலில் மாட்டிவிட்டால் கேட்கமாட்டாள் என்று நினைத்தாயா என்றேன். செங்கல்பட்டிலிருந்து அந்த ஏணியோடு வந்து சேர்ந்தபோது இருட்டத் தொடங்கியிருந்தது. ஏணியைக் கழற்றவே இல்லை. நேராக ஷோரூமுக்குள் போனார். மொட்டைமாடியிலிருந்து வாசலில் நிற்கிற பெரிய பிள்ளையார் மேல் விழுகிற என் ஃபோகஸ் லைட்டின் ஸ்விட்சை அணைத்தார். வாசலில் சோலார் விளக்கு பளிச்சென்று எரிந்தது.

"பேனல்ல வெளிச்சம் பட்டா அது பகல்னு நெனச்சிக்கும். உன் லைட்டு நேரா அது மூஞ்சில அடிக்கிது. அது எப்டி எரியும்? நீ இன்னா மேடம், இருவது மைலு என்ன இஸ்துகினு வந்து ஸ்விச்ச அணைக்க சொல்ற?"

அப்போது கடையில் வெளியூர்க்காரர்கள் நாலு பேர் இருந்தார்கள். அவர்கள் முன்னால் இதைச் சொன்னார். ஃபோகஸ் லைட்டைத் திருப்பி வைத்தேன். மன்னிப்புக் கேட்டேனா என்றால், இல்லை. ஒரு டீ வரவழைத்தேன். குடித்துவிட்டு, சர்க்கரை ஜாஸ்தி என்று சொல்லிவிட்டுப் போனார்.

பராமரிப்பு என்று வந்துவிட்டால் அவர் வாயை மூடவே முடியாது. மாதத்துக்கு இரண்டு தடவை பேனலைத் துடைக்க வேண்டும். வெயில் ஏறுவதற்கு முன், காலையில், வெறும் தண்ணீரும் மெல்லிய துணியும். சோப்புத்தூள் கூடாது, நார் கூடாது, கொதிக்கிற கண்ணாடியில் பச்சைத் தண்ணீர் ஊற்றக் கூடாது. பேட்டரி முனைகளில் வாசலின் தடவ வேண்டும். துரு பிடிக்காத ஸ்டீல் திருகாணிதான் போட வேண்டும். மழைக்காலத்துக்கு முன் பெட்டி ரப்பரை ஒருமுறை பார்க்க வேண்டும். வேப்பங்கிளை நிழல் பேனலின் ஒரு மூலையில் விழுந்தாலும் வெட்டிவிட வேண்டும். பறவை எச்சத்தைக் காயவிடக் கூடாது. "எங்க ஊரு பக்கத்துக்கு தேசாந்திரத்துலேர்ந்து பறவை வருது மேடம். எச்சத்தப் பத்தி எனக்கு நீ சொல்லாத" என்பார். நான் எச்சத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசியிருக்க மாட்டேன்.

நம் சந்துக்கென்று தனியாக ஒன்று சொன்னார். அதுதான் முக்கியம். நம் மெஷின்களிலிருந்து நாள் பூராவும் கல்தூசி பறக்கிறது. ராத்திரி கடல்பனி இறங்குகிறது. உப்பும் தூசியும் ஈரமும் சேர்ந்து பேனல் மேல் சிமெண்டு பூசியதுபோல இறுகிவிடும். அதைச் சுரண்டக் கூடாது. ஈரத்துணியை மேலே விரித்து அரை மணி நேரம் ஊறவிட்டு, பிறகு மெதுவாக வழித்தெடுக்க வேண்டும். "அரை மணி நேரம், மேடம். உங்க ஆளுங்களுக்குப் பொறுமை கீதா?" என்று கேட்டார். கல்லிலிருந்து ஒரு கண் இமையை எடுக்க ஒரு நாள் உட்காருகிறவர்களைப் பார்த்துக் கேட்ட கேள்வி இது. சரிதான் போய்யா என்று விட்டுவிட்டேன்.

இனி, நீங்கள் யாரும் கேட்க விரும்பாத விஷயத்துக்கு வருகிறேன்.

இரண்டு வருஷம் கழித்து, ஒரு புரட்டாசி மாதம். பேனல்களில் தூசி ஏறி விளக்குகள் மங்கிக்கொண்டிருந்தன. ஊரப்பாக்கத்தில் என் தங்கை வீட்டில் ஒரு விசேஷம். ரெண்டு நாள் போக வேண்டும். கிளம்புகிற அவசரத்தில் என் கூடத்து மேஸ்திரி ஏழுமலையைக் கூப்பிட்டு, "பதினாலு பேனலையும் சுத்தம் பண்ணிடு. எல்லாக் கூடத்திலிருந்தும் ரெண்டு ரெண்டு ஆள் கேட்டு வாங்கிக்கோ. பளபளன்னு இருக்கணும்" என்று சொல்லிவிட்டு வண்டி ஏறிவிட்டேன். ஈரத்துணியைப் பற்றிச் சொல்லவில்லை. அரை மணி நேரத்தைப் பற்றிச் சொல்லவில்லை. மறந்துவிட்டேன் என்றுகூடச் சொல்ல முடியாது. அதை நான் ஒரு பொருட்டாகவே மதிக்கவில்லை.

தண்ணீர் ஊற்றித் துடைத்துப் பார்த்திருக்கிறார்கள். போகவில்லை. பளபளப்பாக்க வேண்டும் என்று சொன்னால் நம் ஆட்கள் என்ன செய்வார்கள்? சிலைக்கு என்ன செய்வார்களோ அதைத்தான் செய்தார்கள். கல்லை மெருகேற்றுகிற எமரித் தாளை எடுத்தார்கள். முதலில் முரட்டுத் தாள், பிறகு நடுத்தரம், பிறகு நைஸ். தண்ணீர் விட்டு விட்டு, வட்டம் வட்டமாக, ரெண்டு நாள் தேய்த்திருக்கிறார்கள். கருங்கல்லைத் தேய்த்தால் கறுப்பேறி, அதில் முகம் பார்க்கலாம். கண்ணாடியைத் தேய்த்தால்? நான் திரும்பி வந்தபோது பதினான்கு பேனலும் குளியலறை ஜன்னல்போல வெள்ளையாக நின்றன.

ஏழுமலைக்கு முகமெல்லாம் பெருமை. "கல்லு கணக்கா கீதும்மா, எம்மாம் தேச்சாலும் கறுப்பு ஏறல" என்றான். பேனலில் என் விரலை வைத்துப் பார்த்தேன், சொரசொரவென்றிருந்தது. அடுத்த மாதம் மழை பிடித்துக்கொண்டது. அந்தக் கீறல்களில் உப்பும் தூசியும் போய் அடைந்துகொண்டன. இருந்த கொஞ்ச வெயிலும் உள்ளே போகவில்லை. பேட்டரிகள் பாதி வயிற்றோடு கிடந்து கிடந்து ஒவ்வொன்றாகச் செத்தன. கார்த்திகைக்கு முன்னால் சந்து இருட்டாகிவிட்டது.

சங்கக் கூட்டம் கூடியது. விளக்கு என் பொறுப்பு. பொம்பளைக்கு எதற்குச் செயலாளர் பதவி என்று பேசிக்கொண்டிருந்தவர்கள் முதல் வரிசையிலேயே உட்கார்ந்திருந்தீர்கள். எனக்கு உங்கள் முகம் ஒவ்வொன்றும் ஞாபகம் இருக்கிறது. எழுந்து நின்றேன். "சம்பத் போட்டது மட்டமான கண்ணாடி. ரெண்டு வருஷத்துல மங்கிப்போச்சு. டூப்ளிகேட் சாமான்" என்றேன். சந்தோஷமாகத் தலையாட்டினீர்கள்.

சம்பத்தையும் வரச் சொல்லியிருந்தோம். வருகிற வழியிலேயே ஒரு பேனலைக் கழற்றி எடுத்து வந்திருந்தார். அன்றைக்கு மட்டும் ஹெல்மெட்டைக் கழற்றினார். தலையில் முடி ரொம்பக் குறைவு என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். பேனலை மேஜைமேல் வைத்தார்.

"இது எமரி ஓடின வரி மேடம். வட்ட வட்டமா கீது பாரு. கண்ணாடி தானா மங்குனா இப்டி வட்டம் போடுமா? உன் ஆளுங்க சிலைய தேய்க்கிற கணக்கா தேச்சிகீறாங்க."

எல்லோரும் என்னோடு வந்திருந்த ஏழுமலையைப் பார்த்தீர்கள். ஏழுமலை என்னைப் பார்த்தான். நான் சொன்னேன், "ஏழுமலை, நீ துணியாலதானே துடைச்ச?"

"ஆமாம்மா" என்றான்.

"நீ பொய் சொல்ற மேடம்" என்றார் சம்பத். "அத வுடு. அவன் வாயில ஏன் அத திணிக்கிற?"

அவ்வளவுதான். பேனலை எடுத்துக்கொண்டு போய்விட்டார். பொய் சொன்னது நான். அதைத் தட்டிக்கழிக்கப்போவதில்லை. ஆனால் ஒன்று கேட்கிறேன். அன்றைக்கு அந்த அறையில் முப்பது நாற்பது சிற்பிகள் உட்கார்ந்திருந்தீர்கள். கையில் எமரித் தாளோடு பிறந்தவர்கள். மேஜைமேல் கிடந்தது எமரி வரிதான் என்று உங்களில் ஒருவருக்குக்கூடவா தெரியவில்லை? தெரியும். உங்கள் ஆட்களும் ரெண்டு ரெண்டு பேர் அதைத் தேய்த்தவர்கள். ஆளுக்கு ஒரு டீயைக் குடித்துவிட்டு, இனி அவரிடம் சாமான் வாங்குவதில்லை என்ற தீர்மானத்துக்குக் கை தூக்கினீர்கள். இப்போது நெருங்கிய நண்பராம். வெட்கமாக இல்லையா?

மறுநாள் சங்கத்து லெட்டர் பேடில் நானே ஒரு கடிதம் எழுதினேன். செங்கல்பட்டு சம்பத்திடம் யாரும் சோலார் சாமான் வாங்க வேண்டாம் என்று, இந்தக் கடற்கரைச் சாலையில் இருக்கிற பதினோரு ஹோட்டலுக்கும் அனுப்பினேன். அவர் பிழைப்பில் பாதி அந்த ஹோட்டல்களின் தோட்டத்து விளக்குகள்தான் என்று எனக்குத் தெரியும். தெரிந்தேதான் அனுப்பினேன். மூன்றே மாதத்தில் அந்தச் சாலையில் அவர் ஏணியைப் பார்க்க முடியவில்லை.

அவரும் சும்மா இருக்கவில்லை. கடை வாசலில் 'கல் ஆட்களுக்கு சர்வீஸ் கிடையாது' என்று எழுதி மாட்டினார். டீக்கடைக்கு டீக்கடை என்னைப் பொய்க்காரி என்றார். அவர் ஒன்றும் மகான் இல்லை. ஆள் போய்விட்டார் என்பதற்காக அவரை நான் மகான் ஆக்கப்போவதும் இல்லை.

ரெண்டு வருஷம் கழித்து ஒருநாள் சந்து வழியாகப் போனார். யார் வீட்டு வேலைக்கோ. அதற்குள் வேறு ஆளை வைத்துப் புது விளக்குகள் போட்டிருந்தோம். வண்டியை நிறுத்தி, அண்ணாந்து பார்த்து, நடுச்சந்தில் நின்று கத்தினார். "ஏம்மே! பேட்டரிப் பொட்டிய வெயில் பக்கம் வெச்சிகீறியே, அது இன்னா வடகமா? பேனலுக்கு அடில, நெழல்ல வெக்கச் சொல்லு!"

"உங்க வேலையப் பாத்துகினு போங்க" என்று நானும் கத்தினேன்.

"என் வேலையத்தான் நீ புடுங்கிட்டியே!"

போய்விட்டார். அந்தச் சித்திரையில் மூன்று பேட்டரி உப்பிப்போனது. மீதிப் பெட்டிகளை அவர் சொன்னபடியே பேனலுக்கு அடியில் மாற்றி வைத்தேன். அவை இன்றைக்கும் நன்றாக இருக்கின்றன. தன்னைக் கெடுத்தவளின் பேட்டரி வெயிலில் வேகிறதே என்று ஒரு மனிதன் எதற்குப் பதற வேண்டும்? கண்டுகொள்ளாமல் போயிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அதற்காகவும் அவரை வெறுத்தேன். நாம் கெடுதல் செய்த ஆளை வெறுப்பது ரொம்ப சுலபம். பார்க்கும்போதெல்லாம் அது தானாக வரும்.

தலைவர் எழுதச் சொன்ன மறுநாள், உட்கார்ந்து எழுதினேன். இந்தப் பேச்சை இல்லை, ஒரு கடிதத்தை. நடந்தது இதுதான், பேனலைக் கெடுத்தது நாங்கள், பொய் சொன்னது நான், சம்பத்தின் சாமானில் குற்றமில்லை. கையெழுத்துப் போட்டு, சங்கத்து முத்திரை வைத்து, செங்கல்பட்டுக்கு எடுத்துக்கொண்டு போனேன். பஸ்ஸில் போகும்போது சம்பத்தின் மனைவி அழுவார், நானும் அழுவேன், ஒருவழியாகத் தீர்ந்துவிடும் என்று மனசுக்குள் ஒத்திகை வேறு.

வீட்டில் அவர் மனைவி மட்டும் இருந்தார். சம்பத்துக்கு ஏற்ற சம்சாரம். உட்காரச் சொல்லவில்லை. கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு கடிதத்தை முழுசாகப் படித்தார். மடித்து என் கையிலேயே கொடுத்தார்.

"இத என்னாண்ட எதுக்குக் குடுக்குற? என் வூட்டுக்காரரு திருடன் இல்லன்னு எனக்குத் தெரியாதா? எவனுக்கு எழுதிப் போட்டியோ, அவனாண்ட போய்ப் படி."

"போறேன்" என்றேன்.

"அவரு உசுரோட இருக்க சொல்ல வந்திருக்கலாமில்ல" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. கதவை அவர் சாத்துகிறவரைக்கும் நான் அங்கேயே நின்றேன். எனக்கு அழுகை வந்தது, அங்கே அழ எனக்கு உரிமை இல்லை என்று அடக்கிக்கொண்டு பஸ் ஏறினேன்.

மறுநாள் முதல் ஹோட்டலுக்குப் போனேன். மேனேஜர் புதுசு, சின்ன வயசு. நல்ல பையன், காபி வரவழைத்தார். செங்கல்பட்டு சம்பத் விஷயமாக வந்திருக்கிறேன் என்றேன்.

"யாருங்க சம்பத்து?"

சோலார் விளக்கு சம்பத் என்றேன். அவருக்குத் தெரியவில்லை. கம்ப்யூட்டரில் தேடினார். "ஆங், இருக்கு மேடம். செங்கல்பட்டு சோலார் கடை, வேண்டாம்னு போட்டிருக்கு. எனக்கு முன்னாடி இருந்தவரு போட்டது. நாங்க அந்தப் பக்கமே போறதில்ல."

"ஏன் வேண்டாம்?"

"அது தெரியல மேடம். வேண்டாம்னு மட்டும்தான் இருக்கு."

ஆள் போய்விட்டார். அவர் பெயர்கூட அந்த இடத்தில் இல்லை. நான் சொன்ன ஒரு வார்த்தை மட்டும் அங்கே உட்கார்ந்து வேலை செய்துகொண்டிருக்கிறது, யார் சொன்னது, எதற்குச் சொன்னது என்று யாருக்கும் தெரியாமலே. நான் எழுந்து நின்று கடிதத்தை அவருக்குச் சத்தமாகப் படித்தேன். படித்து முடித்ததும் அந்தக் குறிப்பை என் கண்ணெதிரிலேயே அழிக்கச் சொன்னேன். அழித்தார். இதுவரை மூன்று ஹோட்டல் முடிந்திருக்கிறது. எட்டு பாக்கி.

சம்பத்தைப் பற்றி இப்படிக் கூடி நின்று நல்லதாக நாலு வார்த்தை பேசிவிட்டுப் போவது எனக்குச் சம்மதமில்லை. அவர் பேச்சு எனக்குப் பிடிக்காது, இன்றைக்கும் பிடிக்காது. போனவர்களிடமிருந்து எதையாவது வைத்துக்கொள்ள வேண்டும் என்கிறீர்கள். நான் எடுத்துக்கொள்வது அவருடைய கெட்ட பெயரை. அதை உண்டாக்கினவள் நான். இனிமேல் இந்தச் சாலையில் யாராவது அதைச் சொன்னால், அவர் பெயரை எடுத்துவிட்டு அந்த இடத்தில் மரகதம் என்று சொல்லுங்கள்.